மந்திரித்த வளையம்

என் அண்ணி இருதயசெல்வி சிரித்தால், திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் செஞ்சி பஸ்ஸுக்குள் தூங்கிக்கொண்டிருப்பவன் எழுந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பான். மிகையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பிள்ளைகளின் கட்டுரையில் மிகையான வரிகளைச் சிவப்பு மையால் அடித்து அடித்தே ஓய்வு பெற்ற டீச்சர் நான். எட்டிப் பார்ப்பான் என்றால் பார்ப்பான்.

அண்ணி என்று சொன்னாலும் நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். அப்புறம்தான் அவள் என் அண்ணன் இன்னாசிராஜுக்கு வாழ்க்கைப்பட்டாள். ஆகவே மரியாதையெல்லாம் கிடையாது, வா போ தான். அண்ணன் ஒலக்கூர்ப் பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்தார். பேச்சு குறைவு. நாள் முழுக்க அவர் பேசுவதை அண்ணி பல் விளக்குகிற நேரத்தில் பேசி முடித்துவிடுவாள்.

அவள் பிழைப்பு பஸ் ஸ்டாண்டில். அவித்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, ஆவி பறக்கக் கூடையில் கொட்டி, இடுப்பில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு பஸ் ஓடுவாள். ஜன்னலில் கை நீட்டுகிறவர்களுக்குக் கூடையோடு எக்கிக் கொடுப்பாள். பொட்டலத்தை விட அவள் வாய்க்காகவே வாங்குகிறவர்கள் அதிகம்.

"இன்னா செல்வி, பாதி சொத்தையா கீது?" என்று விழுப்புரம் பஸ் கண்டக்டர் வேங்கடேசன் வம்புக்கு இழுப்பார்.

"சொத்தைய எல்லாம் உனக்குன்னே பொறுக்கி வச்சேன் சார். நீ ராசியான ஆளாச்சே!" என்று சொல்லிவிட்டு, தலையைப் பின்னால் சாய்த்து ஒரு சிரிப்பு சிரிப்பாள். அவ்வளவுதான், பின் சீட்டுக்காரனும் பொட்டலம் கேட்பான்.

1993இல் கடைசிப் பையன் ஆண்டோ பிறந்தான். நாலாவது பிள்ளை. வீட்டிலேயே பிரசவம். குண்டுப் பிள்ளை, ரொம்பப் படுத்திவிட்டுத்தான் வெளியே வந்தான். அது மல்லாட்டை சீசன். உடம்பு ஆறட்டும் என்று நான் எவ்வளவோ சொன்னேன். "சீசன் எனக்கோசரம் நிக்குமா மதல?" என்று கேட்டுவிட்டு, பச்சை உடம்போடு கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மதலைமேரி என்பது என் பெயர். அதை மதல என்று சுருக்குவதற்கு உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் அனுமதி.

அந்தச் சிரிப்பு எப்போது குறைய ஆரம்பித்தது என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. முதலில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு வந்தால் எங்கேயாவது பொத்தென்று உட்கார்ந்துகொண்டாள். அப்புறம் சிரிப்பே இல்லை. யாராவது வேடிக்கையாகப் பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவாள். மூத்த பெண் ஜெர்லின் நர்சரி பள்ளிக்கூடத்தில் டீச்சராகிவிட்டாள், அதனால் செல்விக்குக் கர்வம் வந்துவிட்டது என்று தெருவில் பேசினார்கள். பஸ் ஸ்டாண்டில் அவளுக்குச் 'சிடுமூஞ்சி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். வியாபாரம் படுத்தது. எனக்கோ எரிச்சல். நான் ஒரு நல்ல கதை சொல்லிக்கொண்டிருக்கும்போது பாதியில் எழுந்து போகிறவளை யாருக்குத்தான் பிடிக்கும்?

2005இல் ஜெர்லினுக்குக் கோலியனூரில் மாப்பிள்ளை அமைந்தான். பெயர் ஜூட். விழுப்புரத்தில் எலெக்ட்ரிக்கல் கடையில் வேலை. நல்ல பையன், நம் பெண்ணைப் பார்த்த நாளிலிருந்தே அசடு வழிந்துகொண்டிருந்தான். அவன் அம்மா சவேரியம்மாள்தான் கொஞ்சம் விறைப்பு. எங்கே போனாலும் ஓர நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். அளந்துதான் பேசுவார்.

நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை வீட்டார் வரிசைத் தட்டோடு வந்தார்கள். எங்கள் பக்கம் சம்மந்திக்குச் சம்மந்தி சந்தனம் பூசி, சர்க்கரை ஊட்டி, கேலி பேசுவது வழக்கம். ஜூட்டின் தாய்மாமன் ஒருவர் அன்றைக்குப் பின்னி எடுத்தார். என் அண்ணன் சைக்கிள் டியூப்பில் ஓட்டை தேடுவதை அப்படியே நடித்துக் காட்டினார், பாருங்கள், கூடம் முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. அண்ணனே சிரித்தார். அண்ணி மட்டும் கதவோரம் காலைப் பின்னிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, கல் மாதிரி நின்றாள். சவேரியம்மாளுக்குச் சர்க்கரை ஊட்டும்போதும் அதே முகம்.

மறுநாளே தரகர் வந்துவிட்டார். "பொண்ணோட அம்மா மொகத்துல ஈயாடல. எங்கள புடிக்கலைன்னா இப்பவே சொல்லிடுங்க, கல்யாணத்த வச்சிக்கினு பேஜாரு வேணாம்னு சவேரியம்மா சொல்றாங்க."

ஜெர்லின் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். நான்தான் சமாளித்தேன். "எங்க அண்ணிக்குப் பல்லு வலிங்க. கடவாய்ப் பல்லு. வாயத் தொறந்தா உயிரு போவுது" என்று சொல்லி அனுப்பினேன். சாயங்காலம் பதில் வந்தது. கல்யாணத்துக்குள் பல்வலி சரியாகிறதா என்று பார்ப்பார்களாம்.

எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. நேராகக் கொல்லைக்குப் போனேன். அண்ணி துவைக்கிற கல்லில் உள்பாவாடையை அடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா அண்ணி நெனச்சிக்கினு கீற நீ? பெத்த பொண்ணு கல்யாணம் உன்னால நிக்கப் போவுது! வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த? சிரிச்சா முத்தா உதிர்ந்துடும்?"

"கத்தாத மதல. சிரிச்சா ஒழுகுது."

"இன்னாது ஒழுகுது?"

"மூத்திரம்தான். வேற இன்னா?" அவள் பாவாடையைப் பிழிந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "சிரிச்சா, தும்முனா, இருமுனா வந்துடுது. அது மட்டும்னா தாங்கிக்குவேன். கூடையத் தூக்குனா அடியில உருண்டையா ஏதோ எறங்கி வந்து நிக்குது. படுத்தா உள்ள போயிடுது. நின்னா வந்துடுது. நேத்து புது பட்டுப் பொடவ மதல. அதுல ஈரம் பட்டு ஊரே பாத்துட்டா நான் இன்னா பண்ணுவேன்?"

"எத்தினி வருசமா?"

"ஆண்டோ நடக்க ஆரம்பிச்சதுலேர்ந்து."

ஆண்டோ அப்போது ஏழாம் வகுப்பு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "எரும!" என்று திட்டினேன். அதற்குள் எனக்கே அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷமாகத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு பஸ் ஓடியிருக்கிறாள். அடுத்த தெரு வெள்ளையம்மாள் விளக்கெண்ணெய்த் துணி வைக்கச் சொன்னதாம், அதையும் வைத்துப் பார்த்திருக்கிறாள். அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ஆஸ்பத்திரிக்கு ஏன் போவல?"

"போனா கர்ப்பப்பைய அறுத்து எடுத்துட்டுத்தான் அனுப்புவாங்க. பக்கத்து வூட்டுக் கோவிந்தம்மாவுக்கு அப்படித்தான் பண்ணாங்க. மாசக் கணக்குல கூடை தூக்கக் கூடாதாம். கல்யாணத்த யாரு பாக்கறது, நீயா?"

"ஆமா, நான்தான். இப்ப கெளம்பு."

விழுப்புரத்தில் புனிதா என்று ஒரு லேடி டாக்டர் இருந்தார். என்னோடு வேலை பார்த்த டீச்சர் ஒருத்தி சொல்லித் தெரியும். அவர் அண்ணியைப் படுக்க வைத்துப் பார்த்தார், நிற்க வைத்து இருமச் சொல்லிப் பார்த்தார். பிறகு கை கழுவிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"இது புத்து நோய் இல்ல, அந்தப் பயம் வேண்டாம். தொட்டில் கயிறு தளர்ந்தா தொட்டில் இறங்கும் இல்லையா, அது மாதிரிதான். கர்ப்பப்பைய, மூத்திரப்பைய எல்லாம் தாங்குற சதை தளர்ந்துபோச்சு. எத்தனையோ பேருக்கு இருக்கு. யாரும் வெளிய சொல்றதில்ல."

"எடுத்துடுவீங்களா டாக்டரம்மா?"

"எடுக்கறேன்னு யார் சொன்னது?"

அண்ணி என்னைப் பார்த்தாள். "அப்ப அந்தக் கயிற இறுக்க முடியுமா?"

டாக்டருக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். மூத்திரத்தையும் காற்றையும் அடக்குவது போலக் கீழ்ச் சதையை உள்ளே இழுத்துப் பிடிக்க வேண்டும், கொஞ்ச நேரம் நிறுத்தி, மெதுவாக விட வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது, மூத்திரம் போய்க்கொண்டிருக்கும்போது செய்து பார்க்கக் கூடாது. தினமும் பல தடவை செய்தால் சில மாதத்தில் பிடிப்பு வரும், ஒழுகுவதும் குறையும். கூடவே மலச்சிக்கல் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், கக்கூஸில் முக்கக் கூடாது, இருமல் வந்தால் உடனே மருந்து சாப்பிட வேண்டும். கூடையை இடுப்பிலோ தலையிலோ ஏற்றவே கூடாது.

"இன்னொண்ணு இருக்கு" என்று மேசை டிராயரிலிருந்து ஒரு வளையத்தை எடுத்துக் காட்டினார். தடிமனாக, மெத்தென்று, அமுக்கினால் வளைந்தது. "இத உள்ள வச்சா இறங்காம தாங்கிக்கும். ஆபரேஷன் வேண்டாம், மயக்க மருந்து வேண்டாம். ஆனா அளவு பார்த்து வைக்கணும். சில மாசத்துக்கு ஒரு தடவ வந்து காட்டணும். எடுத்துக் கழுவித் திரும்ப வைக்க நீங்களே கத்துக்கலாம். நாத்தமோ ரத்தமோ பட்டா அன்னைக்கே ஓடி வரணும். வச்சதும் ஒழுகறது நின்னுடும்னு சத்தியம் பண்ண மாட்டேன். சிலருக்கு நிக்கும், சிலருக்குப் பயிற்சி பண்ணாத்தான் நிக்கும்."

"ஆபரேஷன் பண்ணா?"

"அதுவும் நல்ல வழிதான். கர்ப்பப்பைய எடுத்துட்டுத் தளர்ந்தத தைக்கறது உண்டு, எடுக்காம மேல தூக்கித் தைக்கறதும் உண்டு. எதுவானாலும் பல வாரம் பளு தூக்காம இருக்கணும். அப்புறமும் சிலருக்கு மறுபடி இறங்கும். முழுசா வெளிய வந்து புண்ணாயிருந்தா நானே ஆபரேஷன்தான் சொல்லியிருப்பேன். உங்களுக்கு அவ்வளவு இல்ல. எது வேணும்னு நீங்க சொல்லுங்க."

அண்ணி திகைத்துவிட்டாள். வீட்டில் மாடு வாங்கினாலும் பிள்ளைக்குப் பெயர் வைத்தாலும் எது வேண்டும் என்று அவளிடம் யாரும் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் விரலை நெட்டி முறித்துக்கொண்டிருந்தாள். "ரிங்கு வைங்க. அந்தப் பயிற்சியும் பண்றேன். ஆபரேஷன் எங்கயும் ஓடிடாது" என்றாள்.

அன்றைக்கே டாக்டர் ஒரு வளையம் வைத்து அனுப்பினார். அது ஒரு வாரம் கூடத் தங்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக் கக்கூஸில் உட்கார்ந்தபோது நழுவிப் போய்விட்டது. "போனது போவட்டும். நான் கையை விட்டுத் தேடல" என்று முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு சொன்னாள். நான் சிரித்தேன். அவளால்தான் முடியவில்லை.

"அளவு சின்னதாப் போச்சு. முதல் தடவையே சரியா அமையறது எல்லாருக்கும் நடக்காது" என்றார் டாக்டர். அடுத்த அளவு அவரிடம் இல்லை. பாண்டிச்சேரியில் கடை பெயரைச் சொல்லி, வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை வரச் சொன்னார். நான் போய் வாங்கி வந்து, சனிக்கிழமை அவள் கையில் கொடுத்தேன். நேராக டாக்டரிடம் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

எங்கள் ஊரில் புதிதாக எது வாங்கினாலும் கோயிலில் மந்திரிக்காமல் யாரும் உபயோகிக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பீடத்துக்கு முன்னால் வரிசை நிற்கும். வண்டிச் சாவி, தையல் மெஷின், பரீட்சை பேனா, புது அரிவாள். பங்குச் சாமியார் ராயப்பன் எல்லாவற்றுக்கும் ஒரு செபம் சொல்லித் தீர்த்தம் தெளிப்பார். கோயிலை ஒட்டி நிலம் வைத்திருக்கும் சக்கரபாணி நாமம் போட்டவர், அவரே போர்செட் மோட்டாரை ஆள் வைத்துத் தூக்கி வந்து வரிசையில் வைப்பார். ராயப்பன் சாமி கை பட்டால் தண்ணீர் நிற்காது என்பது அவர் நம்பிக்கை.

முதல் வளையம் விழுந்ததற்கு அளவு காரணமில்லை, மந்திரிக்காமல் வைத்ததுதான் காரணம் என்று அண்ணி முடிவு கட்டிவிட்டாள். என்னிடம் மூச்சு விடவில்லை. கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போய்ச் சக்கரபாணிக்குப் பின்னால் நின்றுவிட்டாள். நான் பாட்டுக் குழுவோடு நின்றுகொண்டிருந்தேன். அவளை அங்கே பார்த்ததும் எனக்குப் பகீர் என்றது. ஓடிப் போய் இழுக்கவா முடியும்?

ராயப்பன் சாமிக்கு வயதாகிவிட்டது. கண்ணாடி சோடாபுட்டி, காதும் மந்தம். கைக்குட்டையைப் பிரித்து வளையத்தை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். மொத்தக் கோயிலும் பார்த்தது.

"இது எந்த வண்டிக்கும்மா?"

சக்கரபாணி எட்டிப் பார்த்தார். "சாமி, அது புட்வால்வு வாசரு. ஆனா என் மோட்டாருக்குச் சேராது, எனக்குப் பெருசா வேணும்."

"குக்கரு கேஸ்கட்டு மாரி கீது" என்றது பின்னால் ஒரு குரல்.

சைக்கிள் கடைக்காரன் பெண்டாட்டி கொண்டுவந்த சாமான் என்பதால் எல்லாரும் திரும்பி அண்ணனைப் பார்த்தார்கள். அண்ணன் எழுந்து வந்தார். வளையத்தை வாங்கி அமுக்கினார், வளைத்தார், மோந்து பார்த்தார். "நல்ல மாலு சாமி. நம்ம வண்டிது இல்ல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"அப்ப எதுக்கும்மா இது?" என்றார் சாமி மறுபடியும்.

அண்ணிக்கு வேறு வழியில்லை. "எறங்கறத நிறுத்தறதுக்கு சாமி" என்றாள்.

"ஓ, பிரேக்கா?"

"ஆமா சாமி. பிரேக்குதான்."

சாமி தலையாட்டிவிட்டு, கோயில் அதிரச் செபம் சொன்னார். "ஆண்டவரே, இந்தப் பிரேக் பள்ளத்திலும் மேட்டிலும் உறுதியாய்ப் பிடிக்கவும், இதை உபயோகிக்கிறவர்கள் எந்த இறக்கத்திலும் விழாதிருக்கவும் அருள்வீராக." தாராளமாகத் தீர்த்தமும் தெளித்தார். ஜனங்கள் ஆமென் சொன்னார்கள்.

நான் தூணுக்குப் பின்னால் போய்ப் பாட்டுப் புத்தகத்தைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். நிமிர்ந்து பார்த்தால் அண்ணியைக் காணோம். கோயிலுக்குப் பின்னால், புளியமரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். கிட்டே போனால் அழுகிறாள். புடவை பின்பக்கம் நனைந்திருந்தது.

"எவ்ளோ சிரிப்பு வந்துச்சு தெரியுமா மதல? அந்த மனுசன் அத மோந்து பாக்கறாரு! ஒரு தபா வாய் விட்டுச் சிரிக்க முடியல. சிரிக்கக்கூட வக்கில்லாம ஒரு பொழப்பா?" என்று கேட்டுத் தேம்பினாள். என் முக்காட்டுத் துணியை அவள் இடுப்பில் சுற்றி வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

அன்று சாயங்காலம் அண்ணனிடம் விஷயத்தை நானே சொன்னேன். அவள் சொல்ல மாட்டாள், வேறு யார் சொல்வது? அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார். "நான் அத மோந்து பாத்தேனே" என்று மட்டும் சொன்னார். பிறகு எழுந்து கடைக்குப் போய்விட்டார். அந்த வாரம் முழுக்க வாடிக்கையாளர்களின் பஞ்சர் சைக்கிளெல்லாம் ஓரத்தில் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஒரு தள்ளுவண்டி நின்றது. மூன்று சைக்கிள் சக்கரம், கூடை உட்காரப் பள்ளம், ஜன்னல் உயரத்துக்குப் பொட்டலம் நீட்ட ஒரு படி. ஒரு விரலால் தள்ளினால் உருண்டது. "இனிமே கூடைய இடுப்புல வச்ச, காலை ஒடைப்பேன்" என்றார். அண்ணன் அவளிடம் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதேயில்லை. அண்ணி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, கைப்பிடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

இதற்கிடையில் திங்கட்கிழமை டாக்டர் புது வளையத்தை வைத்துவிட்டார். நடக்கச் சொன்னார், மாடிப்படி ஏறச் சொன்னார், உட்கார்ந்து எழச் சொன்னார், கக்கூஸுக்கும் போய்வரச் சொன்னார். விழவில்லை. "பாத்தியா, மந்திரிச்சது" என்று அண்ணி என் காதில் சொன்னாள். டாக்டரிடம் நான் அதைச் சொல்லவில்லை. பெரிய அளவு என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும், மந்திரம் என்று இவள் நினைத்துக்கொள்ளட்டும், விழாமல் இருந்தால் சரி.

உருண்டை இறங்குவது நின்றது. ஒழுகுவது முழுசாக நிற்கவில்லை, டாக்டர் சொன்னபடியே. மீதிக்குப் பயிற்சிதான். தினமும் நேரம் பார்த்துச் செய்யச் சொன்னால் அண்ணிக்கு மறந்துவிடும். பஸ் ஸ்டாண்டில் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். எந்த பஸ் கண்டக்டர் விசில் அடித்தாலும் இழுத்துப் பிடிப்பாள், அந்த பஸ் வளைவு திரும்பும்வரை விடமாட்டாள். பாண்டி பஸ், வந்தவாசி பஸ், மரக்காணம் பஸ் என்று திண்டிவனத்தில் விசிலுக்கா பஞ்சம்? பிடித்திருக்கும் நேரத்தில் முகம் இறுகிப்போகும். பொட்டலம் கேட்பவனுக்கு ஜாடையிலேயே 'இரு' என்பாள்.

இப்படியே கார்த்திகை போயிற்று, கிறிஸ்துமஸ் போயிற்று, தவக்காலமும் போயிற்று. தவக்காலத்தில் எங்களுக்குக் கல்யாணம் கிடையாது என்பதால் ஈஸ்டர் கழித்துத்தான் நாள் குறித்திருந்தோம். நடுவில் சவேரியம்மாள் இரண்டு தடவை ஆள் விட்டு, "பல்லு வலி எப்படிக் கீது?" என்று கேட்டார். ஒவ்வொரு தடவையும் 'தேவலாம்' என்று நான்தான் சொல்லி அனுப்பினேன். ஜெர்லினும் அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டு திரிந்தாள். அண்ணி தும்மல் வந்தால் இப்போது பயப்படவில்லை. ஆனால் சிரித்துப் பார்க்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. "கல்யாணத்தன்னைக்கு ஆனா இன்னா பண்றது மதல?" என்பாள். பழகிய பயம் லேசில் போகுமா?

கல்யாண நாள் வந்தது. கோயில் நிறைய ஜனம். முதல் பெஞ்சில் ஒரு பக்கம் அண்ணனும் அண்ணியும், மறுபக்க ஓரத்தில் சவேரியம்மாள், அதே விறைப்போடு. அண்ணி மாம்பழ நிறப் பட்டில் வாயை இறுக்கி மூடி உட்கார்ந்திருந்தாள். சவேரியம்மாள் அடிக்கடி திரும்பி அவள் முகத்தைப் பார்த்ததை நான் கவனித்தேன். ராயப்பன் சாமி தாலியை மந்திரித்தார். பிறகு தட்டிலிருந்து மோதிரத்தை எடுத்துக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். அப்போது அவருக்கு ஏதோ ஞாபகம் வந்துவிட்டது. முதல் பெஞ்சைப் பார்த்தார். மைக் வாய்க்கு நேராக இருந்தது.

"செல்வி, அன்னைக்கு உனக்கு ஒரு பிரேக்கு மந்திரிச்சுக் குடுத்தேனே, நல்லாப் புடிக்குதாம்மா?"

ஒலிபெருக்கி அதைத் தெருக்கோடி வரைக்கும் கொண்டுபோனது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணியின் கன்னம் துடித்தது. முந்தானைக்குக் கை போயிற்று, பாதியில் நின்றது. அவ்வளவுதான். தலையைப் பின்னால் சாய்த்தாள், வாயைத் திறந்தாள், சிரித்தாள். பழைய சிரிப்பு! எத்தனை வருஷத்துச் சிரிப்போ, ஒன்றன் பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. கோயில் மாடத்துப் புறாவெல்லாம் படபடவென்று பறந்தன. மாப்பிள்ளை சிரித்தான், ஜெர்லின் அழுதுகொண்டே சிரித்தாள், ஏன் சிரிக்கிறோம் என்று தெரியாமல் சாமியும் சிரித்தார்.

"நல்லாப் புடிக்குது சாமி!" என்று அண்ணி கத்தினாள். எழுந்து நின்றேதான் சொன்னாள். மாம்பழப் பட்டில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. நான் பின்னால் உட்கார்ந்து பார்த்தவள், சாட்சி சொல்கிறேன்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது சவேரியம்மாள் வழியில் நின்றார். "பல்லு வலி சரியாப் போச்சா சம்மந்தி?"

நான் அண்ணியைக் கிள்ளினேன். அவள் என் கையைத் தட்டிவிட்டு, அந்தம்மாவின் காதருகே குனிந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், பட்டுப் புடவை, பிரேக் உட்பட. சவேரியம்மாள் முகம் மாறியது. கெட்டது குடி என்று நினைத்தேன். அவர் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு முழுசாவே வெளிய வந்துடுச்சு சம்மந்தி. ஜூட்டுக்குப் பின்னால ஒண்ணு தங்காம போச்சே, அப்பலேர்ந்து. அதான் எங்க போனாலும் ஓரமா உக்காந்துக்கறது. அன்னைக்கு நீ சக்கர ஊட்டும்போது மொகத்த அப்படி வச்சிருந்தியா... எங்கிட்டேர்ந்து வாடை வருதுன்னு நெனச்சிட்டேன்."

அண்ணி அப்படியே அந்தம்மாவைக் கட்டிக்கொண்டாள். நானும் அழுதேன். அழாமல் என்ன செய்வது, கல்லா நான்?

சவேரியம்மாளுக்குப் பிறகு ஆபரேஷன் நடந்தது. புண் இருந்தது, வயதும் ஆகிவிட்டது, அதுதான் சரி என்று டாக்டர் சொன்னார், அவரும் அதைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டார். அண்ணி கோலியனூருக்கே போய்த் தங்கி, ஒரு குடம் தண்ணீர் தூக்கவிடாமல் பார்த்துக்கொண்டாள். அண்ணியோ இன்றுவரை வளையத்தோடுதான் இருக்கிறாள். தானே எடுத்துக் கழுவி வைக்கப் பழகிவிட்டாள், டாக்டரிடம் காட்டுவதையும் விடவில்லை. பழசாகி மாற்றும்போதெல்லாம் புதியது கோயிலுக்குப் போய்விட்டுத்தான் வரும். ராயப்பன் சாமிக்குப் பின்னால் வந்த சின்னச் சாமியார் எதுவும் கேட்பதில்லை, காது சிவந்துகொண்டே தெளித்துவிடுகிறார். ஆனால் நான் சொல்ல நினைத்தது அதெல்லாம் இல்லை. எங்கள் வீட்டில் மறுவீட்டு விருந்து முடிந்து, சவேரியம்மாளை முதல் தடவையாக டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோமே, அந்த விழுப்புரம் பஸ்ஸைப் பற்றித்தான்.

மூன்று பேர் சீட்டில் நான் ஜன்னலோரம், நடுவில் அண்ணி, ஓரத்தில் சவேரியம்மாள். பயிற்சியை அண்ணி அவருக்கு வழியிலேயே சொல்லிக் கொடுத்துக்கொண்டு வந்தாள். "விசிலு அடிச்சா புடிங்க சம்மந்தி. வயித்த எக்காதீங்க. நான் சொன்னப்புறம் வுடுங்க." கண்டக்டர் நம் வேங்கடேசன்தான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவர் விசில் அடிக்க, சம்மந்திகள் இருவரும் நிமிர்ந்து உட்கார்ந்து, முகம் இறுகி, நேராக முறைத்துப் பார்த்தார்கள். விக்கிரவாண்டி தாண்டியதும் அந்த மனிதரால் பொறுக்க முடியவில்லை.

"இன்னா செல்வி, நான் விசிலடிச்சா ரெண்டு பேரும் மொறைக்கிறீங்க? விசிலுகூட அடிக்கக் கூடாதா நானு?"

அண்ணி வெடித்துச் சிரித்தாள். நான் சிரித்தேன். சவேரியம்மாளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. உடனே பதறிப்போய், காலைப் பின்னிக்கொண்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அண்ணி சிரிப்பை நிறுத்தினாள். அந்தக் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "இன்னும் கொஞ்ச நாளுதான் சம்மந்தி" என்றாள். பஸ் விழுப்புரம் வந்து சேரும்வரை அந்தக் கையை அவள் விடவில்லை.